மகுடி ஓய்ந்த பின்னர்

மகுடி இசைக்கு மயங்கி நாகம் ஆடும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாம்புக்கோ புறச்செவி கிடையாது. தாழ்ந்த ஒலிகளையும் நிலத்தின் அதிர்வையும் அது ஓரளவு உணரும். இராகத்தைச் சுவைக்க அறியாது. கண்முன் அசையும் மகுடியைப் பகையென்றெண்ணிப் படம் விரித்து, அது செல்லும் பக்கமெல்லாம் தானும் திரும்புகின்றது. அந்த அச்சத்தைத்தான் நாம் ஆட்டமென்று கண்டு களித்தோம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் நாகத்தைப் பிடித்து வித்தை காட்டுவது குற்றமாயிற்று. ஆயினும் வட இந்திய நகரங்களில் நாகபஞ்சமி வந்தால் பாம்புக் கூடைகளும் வந்துவிடுகின்றன. பல்லைப் பிடுங்கி, சிலவற்றின் வாயையும் நூலால் தைத்து, பல நாள் நீரின்றி வாட்டுவர். தாகத்தால் தவிக்கும் பாம்பு வைத்த பாலைக் குடிக்கும். பாலைச் சீரணிக்கும் ஆற்றல் அதற்கில்லை. பக்தியோடு பால் வார்ப்பவர் இதை அறியார், பாவம்!

டில்லி, ஆக்ரா நகரங்களில் இத்தகைய நாகங்களை மீட்போருள் 1995இல் தொடங்கப்பெற்ற வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் நிறுவனமும் ஒன்று. மீட்கப்பட்ட பாம்பின் தையலை அறுத்து, வாய்ப்புண்ணைக் கழுவி, மருந்தும் நீரும் ஏற்றுவது மருத்துவர் வேலை. அதன்பின் வருவதே அரிய பணி. கூடை திறந்தாலும் ஓடாது, தொட்டாலும் சீறாது கிடக்கும் அப்பாம்பை 'நன்கு பழகியது' என்று பாம்பாட்டி பெருமை பேசியிருப்பான். உண்மையில் அது சோர்ந்து கிடக்கின்றது.

இதற்கு மருந்து தனிமையே. ஒளிந்துகொள்ள இருண்ட மறைவிடம் வேண்டும். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க இயலாத பிராணியாதலால், வெப்பமான மூலை ஒன்றும் குளிர்ந்த மூலை ஒன்றும் வேண்டும். இரையை வைத்துவிட்டு மனிதர் விலகிவிட வேண்டும். உண்டபின் அதனைத் தூக்கினால் அஞ்சிக் கக்கிவிடும். நாய், பூனையைத் தேற்றுவது போலத் தடவிக் கொடுப்பது இங்கே தீங்காகும்.

நாட்கள் செல்ல, காலடி அதிர்வு கேட்டதும் பாம்பு மறைவிடத்துள் புகும். கதவு திறந்தால் சீறும். வீட்டில் சீறினால் நாம் தடியெடுப்போம். அங்கோ பராமரிப்பாளர் மகிழ்கின்றனர்! நச்சுப்பல் விழுந்தாலும் பின்னே காத்திருக்கும் வேறொன்று அவ்விடத்துக்கு வரும். பல்லும் வந்து, இரையைத் தானே பிடிக்கவும் தொடங்கினால் காட்டில் விடலாம். நச்சுப்பையையே அறுத்தெடுக்கப்பட்ட நாகங்களுக்கு அவ்வழி அடைபட்டது. அவை எஞ்சிய நாளெல்லாம் பராமரிப்பிலேயே இருக்க வேண்டியவை.