ஜரிகையை மங்கடிக்கும் ரீல்ஸ்

2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் கால் வைத்தன. அதிலிருந்து பட்டுச்சேலை வியாபாரத்தில் பாதிப் பேச்சு செல்போனில்தான். ஆரணியில் நெய்த சேலையை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு: போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் ஜரிகை, ஏற்றியதும் மங்கிக் குழைந்துவிடுகிறது.

குற்றம் கேமரா மேல் இல்லை. எந்தத் தளமும் நாம் அனுப்பும் கோப்பை அப்படியே காட்டுவதில்லை. மறுபடி சுருக்கித்தான் காட்டுகிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே மாறாத பகுதியைத் திரும்பப் பதியாமல் விட்டு, மாறியதை மட்டும் பதிவதே சுருக்கத்தின் வழி. வெள்ளைச் சுவருக்கு இது போதும். ஜரிகையோ சேலை லேசாக அசைந்தாலே புள்ளிக்குப் புள்ளி ஒளி மாறுகிற பொருள். அத்தனையையும் பதிய இடம் போதாமல் நுணுக்கத்தைத் துடைத்துவிடுகிறது மென்பொருள். நெசவாளி எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாரோ அதுதான் முதலில் போகிறது.

ஆகவே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முந்தியை விசிறாமல் மெதுவாக விரியுங்கள். பொடிக் கட்டம் போட்ட சேலையில் அலை அலையாகக் கோடு ஓடினால் கோணத்தை மாற்றுங்கள், அல்லது இன்னும் நெருங்குங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் திரையில் பட்டை ஓடாது. ஜன்னல் வெளிச்சம் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. எச்டிஆர் பதிவை அணைத்துவிடுங்கள். அது சில போன்களில் வெளுத்தும் சிலவற்றில் கண் கூசும்படியும் தெரியும். அரக்கு நிறம் பார்த்து ஆர்டர் கொடுத்தவருக்கு மெரூன் போய்ச் சேர்ந்தால், திரும்பி வரும் பார்சலுக்கு யார் கூலி கொடுப்பது?

கோப்பு செங்குத்தாக, 1080க்கு 1920 புள்ளியில், எச்.264 முறையில் எம்பி4 ஆக இருந்தால் போதும். 4கே வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பெரிய லாபமில்லை. கீழ்ப்பக்கமும் வலது ஓரமும் எழுத்தும் பொத்தான்களும் மறைக்கும் இடம். கரையையும் விலையையும் அங்கே வைக்காதீர்கள். ஷார்ட்ஸும் ரீல்ஸும் இப்போது 3 நிமிட வீடியோவுக்கும் இடம் தருகின்றன. ஒரு சேலைக்கு அவ்வளவு தேவையா என்பது வேறு கேள்வி. இன்ஸ்டாகிராமில் கடைக்கான பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு எல்லாம் கிடைக்காது. தறிச் சத்தமே போதும், உரிமைத் தகராறும் இல்லை.

எடிட் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அங்கேயே ஒருமுறை சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஏற்றுவதற்கு முன் இன்ஸ்டாகிராம் அமைப்பில் உயர்தரப் பதிவேற்றம் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.