குளிசையும் பரிசோதனையும்

ஊரில் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நிறமூர்த்தங்களைக் கரும்பலகையில் வரைந்தேன். இங்கே தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை அளந்து பெட்டிகளில் அடுக்குகிறேன். பழைய பாடம் மீண்டும் தேவைப்பட்டது, கூட வேலைசெய்யும் அண்ணை ஒருவருக்கு நாட்பட்ட மைலோயிட் வெண்குருதிப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது. டொச் மொழிபெயர்க்க நான் போனேன்.

வைத்தியர் 'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்றார். வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "மாஸ்ரர், எனக்கெண்டு தனியா மருந்து செய்வினமோ?"

இல்லை. மருந்து பலருக்கும் ஒன்றுதான். அது யாருக்குப் பொருந்தும் என்று பிரித்தறிவது பரிசோதனை. 1960இல் பிலடெல்பியாவில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் இருவரும் இந்நோயாளரின் கலங்களில் சிறுத்துப்போன ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். 1973இல் சிகாகோவில் ஜெனற் ரௌலி காரணத்தைச் சொன்னார்: 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அவை ஒட்டும் இடத்தில் ஒரு கலப்பு மரபணு பிறக்கிறது. அது உண்டாக்கும் நொதியம், அணைக்க முடியாத ஆளிபோலக் கலத்தைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த நொதியத்தை அடைக்கும் இமற்றினிப் எங்கள் பாசலில் பிறந்தது. சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், அலெக்ஸ் மற்றர், யூர்க் சிம்மர்மான் ஆகியோரின் வேலை அது. 1996இல் அந்நிறுவனம் சண்டோசுடன் இணைந்து நொவார்ட்டிஸ் ஆனது. 1998இல் அமெரிக்காவில் பிறையன் ட்றக்கர் நோயாளரில் பரீட்சிக்கத் தொடங்கினார். 2001இல் கிளிவெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வெண்குழியம் கூடிய எல்லோருக்கும் இது உதவாது. கலப்பு மரபணு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

எமது வட்டங்களில் இம்மருந்து அடிபட்டது காப்புரிமை வழக்கால். 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நொவார்ட்டிசின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மாதம் சுமார் 120,000 ரூபாவுக்கு விற்ற மருந்து, இந்தியக் கம்பனிகளிடம் சுமார் 10,000 ரூபாவுக்குக் கிடைத்தது. தீர்ப்பு நியாயமானதென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நாம் குளிசையைப் பற்றியே வாதாடினோம்; பரிசோதனை பற்றிப் பேசியதாக நினைவில்லை.

கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பீ.சீ.ஆர். முறைதான். இங்கே இரத்தத்தில் கலப்பு மரபணுவின் சுவடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். மூன்று மாதத்தில் 10 வீதத்துக்கும், ஒரு வருடத்தில் 0.1 வீதத்துக்கும் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் நொதியம் உருமாறியிருக்கலாம். அதன் 315ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினாலே போதும், இமற்றினிப் பொருந்தாது. பொனற்றினிப் போன்ற வேறு மருந்து வேண்டும். ஆக, இச்சோதனை ஒருநாளோடு முடிவதல்ல. சுவிசில் கட்டாயக் காப்புறுதி பொறுக்கிறது: குறைந்த பிறாஞ்சீஸ் 300 பிராங், அதற்கு மேல் 10 வீதமாக வருடத்துக்கு 700 பிராங் வரை நாம் கட்டவேண்டும். (நான் 2,500 பிராங் பிறாஞ்சீஸ் எடுத்த புத்திசாலி.) சோதனைக்குக் கைக்காசு தேடவேண்டியவருக்கு மலிவுக் குளிசை பாதி வைத்தியந்தான்.

அண்ணையின் இலக்கம் முதல் வருடம் ஒழுங்காக இறங்கியது, பிறகு ஏறியது. உருமாற்றத்துக்கும் சோதிக்கவேண்டும் என்றார் வைத்தியர். மொழிபெயர்த்துவிட்டு, தமிழில் நானாக ஒன்று கேட்டேன். அண்ணை தலையைக் குனிந்தார்.

"கால் தசை இழுக்குது மாஸ்ரர். இரவு வேலையிலை நிக்கேலாது. உடம்பு சுகமாய்த்தானே இருக்கெண்டு கிழமையிலை ரண்டு மூண்டு நாள் விட்டிட்டன்."

"இதை டொச்சிலை சொல்லட்டோ அண்ணை?"

நெடுநேரம் யோசித்தார். வைத்தியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ."

சொன்னேன். வைத்தியர் கோபிக்கவில்லை. தசைப்பிடிப்புக்கு வழி சொன்னார், வேலைநேரத்தை மாற்றும்படி தொழிற்சாலைக்குக் கடிதமும் தந்தார். உருமாற்றம் எதுவும் இல்லையென்று முடிவு வந்தது. அண்ணை இப்போது பகல் வேலைக்கு வருகிறார். அடுத்த இரத்தம் கொடுக்கும் திகதியைத் தன் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.