யாருடைய படம் அது?

போன ஆடிப் பதினெட்டன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் காவேரிக்குப் படைப்பதை எதிர்வீட்டுப் பையன் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். அத்தனை அழகு! நான் அதை அப்படியே எடுத்து, 'எங்க ஊர் காவேரி' என்று என் பக்கத்தில் போட்டுவிட்டேன். அவன் பேரைப் போடத் தோன்றவே இல்லை. பத்தே நாளில் ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸில் அதே படம்!

"உங்க பக்கத்திலேருந்துதான் எடுத்தாங்களாம், அத்தை" என்றான். முகம் வாடிக் கிடந்தது.

அப்புறம்தான் வக்கீலான என் தம்பியைக் கேட்டேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்த நிமிஷமே உரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறதாம். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் போட்டதாலேயே அது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடாது. 'நன்றி: கூகுள்' என்று போடுகிறோமே, கூகுளா படித்துறையில் வந்து நின்று எடுத்தது?

எடுத்தவர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை நீடிக்கும். லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858-இல் எடுத்த நம் பெரிய கோவில் படங்களைத் தாராளமாகப் போடலாம். அவர் 1902-லேயே காலமாகிவிட்டார். நாம் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்ன கல்யாணப் படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நமக்கே சொந்தம். அப்பாடா!

ஃபேஸ்புக்கில் 'ஷேர்' பொத்தானை அழுத்தினால் எடுத்தவர் பேரும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், "போடட்டுமா தம்பி?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். படத்தில் இருக்கும் பெண்களையும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என் பக்கத்தில் போட்டதை எடுத்துவிட்டேன். நேற்று மளிகைக்கடையில் பட்டாணி மடித்துக் கொடுத்தது அந்த நோட்டீஸில்தான்.