கூம்பு நத்தையும் அதன் நஞ்சும்

கடற்கரையில் கிடக்கும் அழகிய ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பது யாவர்க்கும் இயல்பு. எனினும் அவற்றுள் கூம்பு வடிவமான ஒரு வகை, உள்ளிருக்கும் நத்தை உயிருடன் இருக்குமாயின், மனிதனைக் கொல்லவும் வல்லதாகும். கோனஸ் என்று விலங்கியலார் வழங்கும் கூம்பு நத்தைப் பேரினமே அது. இவற்றுள் மிகக் கொடியது கோனஸ் ஜியோகிராபஸ். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். ஓட்டின்மீது தேசப்படம் போன்ற பழுப்புத் திட்டுகள் காணப்படுகின்றன. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளை அடுத்து இது வாழ்கிறது. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும்.

இதன் உணவு மீன். மெல்ல ஊரும் நத்தை விரைந்து நீந்தும் மீனைப் பிடிப்பது எங்ஙனம்? இரவு வேளையில் இது தன் வாய்ப்புறத்தை வலைபோல் அகல விரித்துச் சிறு மீன்களை உள்ளடக்கிக்கொள்கிறது. இதன் நஞ்சில் ஒருவகை இன்சுலின் கலந்திருப்பதை 2015-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அது மீனின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்துச் சோர்வூட்டுகிறது. பின்னர் நத்தை, அம்பு போன்ற உட்குழிவான பல்லொன்றைச் செலுத்தி நஞ்சைப் புகுத்துகிறது. ஒரு பல் ஒரு முறைக்கே பயன்படும். அடுத்த தாக்குதலுக்கு வேறொரு பல் ஆயத்தமாக இருக்கும்.

மனிதனைக் கொட்டும்பொழுது தொடக்கத்தில் வலி மிகுதியாகத் தோன்றாமலும் இருக்கலாம். ஆயினும் உணர்விழப்பும் தசைத் தளர்ச்சியும் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து மரணம் நேரக்கூடும். இந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை.

நரம்புகளின் குறிப்பிட்ட சில வாயில்களை மட்டும் அடைப்பது இந்நஞ்சுக் கூறுகளின் இயல்பு. அதுவே மருத்துவத்துக்கும் பயன்பட்டது. இதன் உறவினமான கோனஸ் மேகஸ் நஞ்சின் ஒரு கூற்றைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கப்பட்டது சிக்கோனோடைடு. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, வேறு மருந்துகளுக்கு அடங்காத கடும் வலிக்கு, முதுகுத்தண்டைச் சூழ்ந்த திரவத்தில் செலுத்தப்படுகிறது.

மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் கடற்பகுதிகளிலும் கூம்பு நத்தைகள் பல வாழ்கின்றன. ஆகவே களப்பணியாளரும், மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் உயிருள்ள கூம்பு நத்தையைத் தொடாதிருக்கும்படி யாவரையும் எச்சரித்தல் வேண்டும். ஓட்டின் அகன்ற முனையைப் பிடித்தால் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. அதன் துதிக்கை நீண்டு வளைந்து விரலை எட்டும். அதனைச் சட்டைப்பையில் இடுதலும் ஆகாது. கொட்டப்பட்டவரை அசையாது கிடத்தி, கொட்டிய உறுப்பைத் துணிக்கட்டால் அழுத்திச் சுற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. காயத்தைக் கீறுதலோ உறிஞ்சுதலோ கூடாது. மூச்சு நின்றுவிடின், மருத்துவ உதவி கிட்டும் வரை செயற்கைச் சுவாசத்தை இடைவிடாது அளித்தல் வேண்டும். நஞ்சின் வேகம் தணியும்வரை மூச்சு காக்கப்படுமாயின் உயிர் பிழைக்க வழியுண்டு.