பச்சைக் காய்கறியும் பழைய சபலமும்

மேற்கு மாம்பலத்தில் ஏகாதசியன்று சாயங்காலம் ஆரிய கௌடா சாலை வழியாக நடந்து போகிறவர், அன்றைய தினம் உபவாச தினம் என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாலொழிய, அந்தத் தெருவின் வாசனையைக் கொண்டு ஒருபோதும் ஊகித்துவிட முடியாது. பட்சணக் கடைகளின் வாணலிகளில் வாழைக்காய் பஜ்ஜியும் மெதுவடையும் வழக்கம்போல் மிதந்துகொண்டிருக்கும். வீடுகளுக்குள்ளேயோ, பகலில் சோற்றைத் தியாகம் செய்த புண்ணியவான்களை உத்தேசித்து, இரவுப் பலகாரமாக ரவா உப்புமாவும் கோதுமை தோசையும், மனமிருந்தால் நெய் மிதக்க ஒரு கேசரியும் தயாராகிக்கொண்டிருக்கும். தீபாவளிக்குப் பட்சணம் செய்யும்போதே அதனால் வரப்போகும் அஜீரணத்துக்கு லேகியமும் கிளறி வைத்துவிடுகிற முன்யோசனைக்காரர்கள் நாம். ஆகையால் இதையெல்லாம் பெரிய அதிசயமாகச் சொல்வதற்கில்லை.

எனினும் சைவ போஜனம் செய்கிறவர்களிடையே வேரூன்றியிருக்கும் ஒரு நம்பிக்கையைச் சற்றுப் பரிசோதித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. மாமிசத்தைத் தொடாதவன், அதிலும் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதவன், ஆகார விஷயத்தில் இந்திரியங்களை ஏறக்குறைய வென்றுவிட்டவன் என்பது அந்த நம்பிக்கை. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயில் பொரித்த கடலைமாவும் சுத்த சைவம்தான்; அவற்றுக்கு அடிமையாவதற்கு எந்த ஆசாரமும் குறுக்கே நிற்பதில்லை. வீட்டார் உறங்கிய பிறகு, சமையலறை விளக்கைப் போடாமல், எவர்சில்வர் டப்பாவின் மூடி சத்தம் செய்யாதபடி உள்ளங்கையால் அணைத்துத் திறந்து, மிக்சரைப் பிடி பிடியாக வாயில் போட்டுக்கொண்டு, குறைந்தது தெரியாமலிருக்க டப்பாவைக் குலுக்கி நிரவி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிற மனிதர், மறுநாள் விடியற்காலையில் ஸ்நானம் செய்து சந்தியாவந்தனத்துக்கு உட்காருகிறவராகவே இருக்கலாம். அவர் பசித்துச் சாப்பிடவில்லை. இரண்டு பிடிக்கு மேல் ருசிக்காகவும் சாப்பிடவில்லை. நிறுத்த முடியாமல் சாப்பிட்டார், பிறகு தம்மையே வெறுத்துக்கொண்டார். இந்த நிர்ப்பந்தத்தைத்தான் இக்காலத்தில் உணவு அடிமைத்தனம் என்று சொல்லுகிறார்கள்.

வைத்திய சாஸ்திரம் இந்தப் பெயரை இன்னும் பூரணமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2009-ம் வருஷம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், குடிக்கும் போதை மருந்துக்கும் அடிமையானவர்களை அடையாளம் காணும் லட்சணங்களையே உணவுக்குப் பொருத்தி ஒரு வினாத்தொகுப்பை அமைத்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கைநூலின் ஐந்தாம் பதிப்பில், கட்டுக்கடங்காமல் பெருமளவு உண்ணுவதைத் தனி நோயாகச் சேர்த்துக்கொண்டதே தவிர, அடிமைத்தனம் என்று அதை எழுதவில்லை. ஆனால் நோயாளிகள் வைத்தியர்களின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்று குடியை விடுவதற்காக 1935-ல் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தின் முறையைப் பின்பற்றி, 1960-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' என்ற சங்கத்தைக் கண்டுவிட்டார்கள். பண்டத்தின் தன்மைக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் நடந்த சோதனை ஒரு சான்று: 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு வகைகளையும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த ஆகாரத்தையும், சத்துக் கணக்கில் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து, வேண்டுமட்டும் உண்ணச் சொன்னபோது, முந்தின வகையில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகமாக உண்டார்கள்.

குடியை விடுகிறவனுக்கு இல்லாத ஒரு கஷ்டம் இங்கே இருக்கிறது. அவன் கடைப் பக்கமே போகாமலிருந்துவிடலாம். உணவுக்கு அடிமையானவனோ தன் சத்துருவைத் தினம் மூன்று வேளை இலையில் சந்தித்தாக வேண்டும். ஆகவே மீட்சியை நாடுகிறவர்களில் அநேகர், தம்மை நிலைதவறச் செய்யும் பண்டங்கள் எவை என்று கண்டு அவற்றை அடியோடு விலக்கிவிட்டு, மற்றவற்றை வேளை தவறாமல், அளவை முன்கூட்டியே தீர்மானித்து உண்ணுகிறார்கள். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, முன் உண்டது செரித்ததா, இப்போது உண்பதற்கு அளவு எது என்ற விசாரணையாகவே இருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது.

இந்த இடத்தில்தான் பச்சை உணவு, பாலும் நீக்கிய தாவர உணவு ஆகியவை பலருக்கு ரட்சகர்களாகக் காட்சியளிக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பரம்பரையே உண்டு. புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இயற்கை வைத்தியத்தைப் பரப்பிய கே. லக்ஷ்மண சர்மா, பொதிகை மலையடிவாரத்தில் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமத்தை நடத்தித் தேங்காயையும் பழத்தையுமே பிரதான ஆகாரமாகப் போதித்த மூ. இராமகிருட்டிணன் முதலியவர்களின் உபதேசத்தைக் கேட்டுத் திருந்தியவர்கள் ஏராளம். அவர்கள் முறையில் ஒரு பெரிய சௌகரியம் இருப்பதை மறுப்பதற்கில்லை. பஜ்ஜி, பிஸ்கோத்து, ஜாங்கிரி எல்லாம் ஒரே தீர்மானத்தில் வாசலுக்கு வெளியே போய்விடுகின்றன. காரட்டையும் வெள்ளரிக்காயையும் நன்றாக மென்றால்தான் விழுங்க முடியுமாதலால் கை தானாகவே நிதானப்படுகிறது. நடுநிசியில் இருட்டில் நின்றுகொண்டு அரைக்கிலோ பீர்க்கங்காயைத் தின்றுவிட்டு அழுத மனிதரைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் இந்தப் பாதையில் மிகத் தொலைவு சென்று பார்த்த ஒருவரின் அநுபவத்தைக் கேட்காமல் இதில் இறங்குவது விவேகமாகாது. லண்டனில் மாணவராயிருந்தபோதே காந்திஜி, மசாலாவை விட்டுவிட்ட பிறகு வெறும் வெந்த கீரையும் ருசிப்பதைக் கண்டு, ருசியின் ஸ்தானம் நாக்கு அல்ல, மனமே என்று முடிவு செய்தார். தென்னாப்பிரிக்காவில் ஏகாதசி முதலிய விரதங்களை அநுஷ்டிக்கத் தொடங்கியபோதோ வேறொன்றைக் கண்டார்: உபவாசத்துக்குப் பிறகு உணவு முன்னைவிட அதிகமாக ருசித்தது, பசியும் கூர்மையாயிற்று, ஆகவே விரதம் சுயக்கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு நல்ல கருவியோ, போகத்துக்கும் அவ்வளவு நல்ல கருவியாகலாம் என்று தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவிட்டார். 1915-ல் ஹரித்வாரத்துக் கும்பமேளாவின்போது, இருபத்துநான்கு மணி நேரத்தில் ஐந்து பதார்த்தங்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பிறகு உண்பதில்லை என்று அவர் எடுத்துக்கொண்ட விரதம் கவனிக்கத்தக்கது. அதில் பதார்த்தங்களின் பவித்திரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எண்ணிக்கையும் நேரமும்தான் உண்டு. பந்தியில் உட்கார்ந்த பிறகு மனத்தோடு பேரம் பேசுவதற்கு அது இடம் வைக்கவில்லை.

1929-ல் ஆந்திர யாத்திரையின்போது ராஜமகேந்திரபுரத்து இயற்கை வைத்தியர் சுந்தரம் கோபால ராவின் தூண்டுதலால், நெருப்புப் படாத ஆகாரத்தைப் பரீட்சிக்கத் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம்பருப்பு, இடித்த கீரை, எலுமிச்சம்பழம், தேன் என்று மாதக்கணக்கில் நடந்த அந்தப் பரீட்சை, ஆகஸ்டு மாதத்தில் சீதபேதியில் கொண்டுபோய் விட்டது. அவர் அதை நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் பத்திரிகையில் எழுதினார். கொள்கையை உடம்பின் மீது பலவந்தமாகச் சுமத்தாமல் நிறுத்திக்கொண்ட அந்த நேர்மை, பரீட்சையைக் காட்டிலும் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

உணவுக்கு அடிமைப்பட்டவருக்கு அந்த நேர்மை எளிதில் வாய்ப்பதில்லை. நாள் முழுவதும் முறுக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர், பச்சை உணவுக்கு மாறிய பிறகு நாள் முழுவதும் சுத்தத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார், தமக்கை வீட்டில் ஒரு வாய் உண்ணமாட்டார், ஒரு கரண்டி ரசம் உள்ளே போய்விட்டால் பிராயச்சித்தமாக மறுநாள் பட்டினி கிடப்பார். பழைய குடித்தனக்காரர் வீடு மாறினாரே தவிர ஊர் மாறவில்லை. 1997-ல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நிலைக்கு 'ஆர்த்தோரெக்ஸியா' என்று பெயரிட்டார். பட்டினியின் விளைவோ இன்னும் நன்றாக ருசுவாகியிருக்கிறது. 1944, 45-ம் வருஷங்களில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான வாலிபர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டபோது, அவர்கள் சமையல் புத்தகங்களைப் படித்துக் கனவு காணத் தொடங்கினார்கள். தடை நீங்கிய பிறகு, வயிறு நிரம்பியும் மனம் நிரம்பாமல் சிலர் பேரளவில் உண்டார்கள். அவர்கள் எவரும் முன்பு உணவுக்கு அடிமையாயிருந்தவர்கள் அல்லர். அப்படியிருக்க, ஏற்கெனவே அடிமைப்பட்ட ஒருவர் நான்கு நாள் வெறும் பழரசத்தைக் குடித்துவிட்டு ஐந்தாம் நாள் பட்சணக் கடையில் நின்றால், அவருக்கு மனவுறுதி இல்லையென்று ஏசுவது நியாயமாகாது.

ஆகையால் மீட்சி முதலில், கொள்கை பின்னால் என்ற வரிசையே சரியானது என்று நினைக்கிறேன். பச்சை ஆகாரத்துக்காக மாம்பலத்துக்காரர் வெளியூர் போகவேண்டியதுமில்லை. ஸ்ரீராமநவமியன்று அயோத்தியா மண்டபத்தில் பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுக்கிற கோசுமல்லி, ஊறவைத்து வடித்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பெயருக்குக் கடுகு தாளித்தது, பண்டிகைக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்க வேண்டும்? மத்தியான இலையில் முதலில் ஒரு கிண்ணம் அதை வைத்துக்கொண்டு மென்று தீர்த்துவிட்டு, பிறகு அளவான சோறும் கெட்டியான பருப்புக் குழம்பும் கறியும் தயிரும் உண்ணுகிறவர், நாலரை மணிக்கு டப்பாவைத் தேடமாட்டார். தேடினாலும் சுண்டலோடு நின்றுவிட முடியும். வெந்த பருப்பையும் சுண்டலையும் பச்சை உணவின் பெயரால் தள்ளிவிடுவது, புரதச்சத்தைத் தள்ளிவிட்டுப் பசியை விருந்துக்கு அழைப்பதாகும். அன்றியும் எல்லாப் பயறும் பச்சையாகத் தின்னத் தக்கவை அல்ல; ராஜ்மாவை நன்றாகக் கொதிக்கவைக்காமல் உண்டால் வாந்தியும் பேதியும் காணும்.

பாலை விடுகிறவர்கள் பி12 என்ற வைட்டமினை மறந்துவிடலாகாது. தாவரங்களில் அது நம்பத்தகுந்த அளவில் கிடைப்பதில்லை; பாலும் தயிரும் நின்ற நாள் முதலாக மாத்திரையாகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்கை அங்காடிகளில் சர்க்கரை சேர்க்காதது என்ற சீட்டோடு விற்கும் பேரீச்சம்பழ உருண்டையையும் நாட்டுச்சர்க்கரை மிட்டாயையும் பற்றி ஒரு வார்த்தை: பேரீச்சம்பழத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. இனிப்பைக் கண்டால் நிறுத்தத் தெரியாதவருக்கு, லட்டு போன இடத்தில் இந்த உருண்டை வந்து உட்கார்ந்தால் லாபம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்தாலும், பெரியம்மா ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "என்னடா கண்ணா, ஆத்திலே பண்ணின முறுக்கு, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோயேன், என் மேலே என்ன கோபம் உனக்கு?" என்று கேட்கிற வேளை வரத்தான் போகிறது. நம் வீடுகளில் வேண்டாமென்பது அன்பை மறுப்பதாகப் பொருள்படுகிறது. 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய போதை மீட்சிப் பணி, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. குடிநோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறுவது அங்குள்ள வழக்கம். உணவு விஷயத்தில் அந்த வழக்கம் இன்னும் அவசியம் என்பேன். "எனக்கு இது நிறுத்த முடியாத வியாதி, பெரியம்மா, நீங்கள் வற்புறுத்தாமலிருந்தால் அதுவே எனக்கு மருந்து" என்று ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, ஒவ்வொரு தடவையும் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லுவதைவிட மேலானது. டப்பாவை ஒளித்து வைப்பதையும், எத்தனை தின்றாய் என்று எண்ணுவதையும் வீட்டார் விட்டுவிட வேண்டும். வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பதே உத்தமம்.

சென்னையில் நடமாடும் நடுத்தர வயதினரில் எத்தனையோ பேர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கோபாலபுரத்து டாக்டர் மோகன் முதலியவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் அவ்வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று பழ உபவாசத்திலோ முழுப் பச்சை உணவிலோ இறங்கினால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். இயற்கை முறையையே விரும்புகிறவர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசினர் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுகிற பழக்கம் இருந்தாலோ, மறைந்து உண்டபின் வரும் வெறுப்பில் உயிர்மேல் ஆசை அற்றுப்போனாலோ, எந்த ஆகார முறையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.