மார்கழிப் பனியா, போகிப் புகையா?

மார்கழி வந்தால் நம் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான். "பனி ஜாஸ்தி, அதனால பஸ் லேட்டு சார்!" ஆனால் ஏனாத்தூரில் நம் மொட்டை மாடியில் நின்று காலையில் மேற்கே பாருங்கள். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சில நாள் பளிச்சென்று தெரியும். சில நாள் பழுப்பாகக் கலங்கித் தெரியும். போகியன்று காணவே காணோம்! வெறும் பனி என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும், தொண்டை கரகரக்கக் கூடாது. 190 அடி உயரக் கோபுரத்தையே மறைக்கிற அந்தச் சங்கதி என்ன என்று பார்ப்போமா?

நான் நெசவாளர் வீட்டுப் பையன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அதனால் எதற்கெடுத்தாலும் "நீதான் படிக்கிறியே, சொல்லு" என்று என்னிடம் வந்துவிடுவார்கள். பாட்டி கேட்டது: "நாங்களும்தான் அந்தக் காலத்துல போகி கொளுத்தினோம், இப்படி இருமல் வரலியேடா?" அப்பா கேட்டது பிழைப்பைப் பற்றி. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெளிர் நிறப் பாவில் கரி படிந்தால் போச்சு. "புகை எந்த நாள் தங்கும், எந்த நாள் கலையும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" என்றார். முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் துகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள். ரோட்டுப் புழுதியில் உள்ள 10 மைக்ரான் தூசி, மூணு மாடி உயரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடும். அரை மைக்ரான் புகைத் துகளோ, காற்று அசையாமல் இருந்தால்கூட, ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் ஒரு மீட்டர் தாண்டாது! அதோடு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். துகளும் அதே அளவில் இருந்தால் ஒளியைச் சிதறடிப்பதில் அதுதான் கில்லாடி.

எவ்வளவு கில்லாடி? ஒரு கிராம் புகைத் துகள், உலர்ந்த காற்றில், தோராயமாக 4 சதுர மீட்டர் பரப்பை மறைக்கிற வேலையைச் செய்யும். நம் ஊர்க் கணக்கில் பாதிப் பட்டுச் சேலைக்கும் மேலே. முழுச் சேலையின் எடை அரை கிலோவுக்குக் குறையாது, இதுவோ ஒரே கிராம்! எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு 1924-ல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் தந்த எளிய சூத்திரம் இருக்கிறது. 3.9-ஐ ஒரு மீட்டருக்கு எவ்வளவு ஒளி குறைகிறது என்ற எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டரில் 100 மைக்ரோகிராம் துகள் இருந்தால் அந்த எண் 0.0004. விடை சுமார் பத்து கிலோமீட்டர். கோபுரம் தெரியும்.

இப்போது பனியைச் சேர்ப்போம். புகையில் உப்புச் சத்து உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். 95 சதவீதத்தில் அதன் மறைக்கும் சக்தி நாலைந்து மடங்காகும். பத்து கிலோமீட்டர் இரண்டாகிவிடும். துகளும் 500 மைக்ரோகிராம் ஆனால்? 400 மீட்டர்தான். ஆக பனியா புகையா என்று கேட்டால், இரண்டும் கூட்டுக் களவாணிகள். (நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதித்த அளவு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15.)

மூன்றாவது கூட்டாளி வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரும். தை பிறக்கும் முன் மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி அடியில் தங்க, மேலே வெதுவெதுப்பான காற்று இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்து கொள்கிறது. பகலில் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை கலக்கும் புகை, அப்போது நூறு இருநூறு மீட்டருக்குள் அடைபடும். நாம் போகி கொளுத்துவது சரியாக அந்த நேரத்தில்தான்! அதே நெருப்பை மத்தியானம் மூன்று மணிக்கு மூட்டினால் இந்தப் பாடு இருக்காது.

2018 ஜனவரி 13, போகியன்று சென்னை விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன, பல தாமதமாகின. கடல் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை, கடற்காற்று வர மத்தியானம் ஆகும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நிலக்கரிப் புகைக்கு இதே மூடி விழுந்து அசையவில்லை. உடனடிச் சாவுக் கணக்கே சுமார் 4,000. அதன் பிறகுதான் 1956-ல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது.

பாட்டி கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எரிந்தது பழைய பாயும் துடைப்பமும். இப்போது எரிவது டயரும் பிளாஸ்டிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே குழுவினர் 2021-ல் டெல்லியை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் குப்பை எரிவது போன்றவற்றால் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காற்றிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் குளோரைடு ஆகிறது. அதுவும் நீரைக் குடிக்கும் உப்புதான். அங்கே தூரம் தெரியாமல் போவதில் பாதிக்கு இந்தக் குளோரைடுதான் காரணமாம்! பாட்டி "அப்ப பாயே தேவலை"ன்னு சொல்லிட்டாங்க. பாய்ப் புகையும் நல்லதில்லை என்பது வேறு விஷயம்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒன்று. ஊருக்குள்ளிருந்து கிழக்கே வரும்போது சூரியன் எதிரில் இருக்கும். இந்தத் துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிப்பதால் எதிரே ஒரே வெள்ளைத் திரை. லாரி டிரைவருக்கும் அப்படித்தான், உங்களை அவர் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். பைக் வைத்திருப்பவர்கள் லைட்டை டிம்மில் போடுங்கள். பிரைட்டில் போட்டால் சிதறிய ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

அப்பாவுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். ராத்திரி நட்சத்திரம் நன்றாகத் தெரிந்து, மர இலை அசையாமல், வைக்கோல் மேல் பனி சொட்டினால் மறுநாள் ஒன்பது மணி வரை புகை கலையாது, பாவு நீட்ட வேண்டாம். மேகமோ காற்றோ இருந்தால் நீட்டலாம். கீழம்பியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு நிலையம் இருக்கிறது. அதன் எண்ணைச் செல்போனில் பார்த்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பக்கத்து வீட்டு மாமாவும் இப்போது பாவுக்கு நாள் குறிக்கு முன் என்னைக் கேட்கிறார்.

ஹாஸ்டல் அண்ணன்களே, மெஸ்ஸுக்குப் பின்னால் போகிக்கென்று நாலு டயர் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பழைய சாமான் கடைக்காரர் சனிக்கிழமை வருவார், நான் பேசிவிட்டேன்.