லஞ்சம் வாங்கினால் தேசத்துரோகமா?

செம்பாக்கம்:
"லஞ்சம் வாங்குற அதிகாரி தேசத்துரோகி! தூக்குல போடணும்!"

செம்பாக்கம் டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் ஆவேசப் பேச்சு இது. ஆனால், சட்டத்தின் கணக்கு வேறு.

லஞ்சத்துக்கு 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம். 7 ஆண்டு வரை ஜெயில். தூக்கு கிடையாது. நாட்டின் மீது போர் தொடுத்தால் மரண தண்டனை வரை போகும்.

ரகசியம் விற்றால்?

ராணுவ ரகசியத்தை அந்நிய நாட்டுக்குக் கொடுத்தால் 1923-ம் ஆண்டு ரகசியச் சட்டம் பாயும். 14 ஆண்டு வரை ஜெயில். அதிகாரியும் தப்ப முடியாது. 1985-ல் டெல்லியில் பிரதமர் அலுவலக ஊழியர்களே உளவு வழக்கில் சிக்கினார்கள்!

பொய்ப் பழி

ஆனால், 'இஸ்ரோ' விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் உளவாளி என்று கைதானார். அத்தனையும் பொய் என்றது சி.பி.ஐ. அவருக்கு ரூ.50 லட்சம் நஷ்டஈடு தரச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2018-ல். அதாவது, 24 ஆண்டு கழித்து!

'துரோகி' என்று சொல்ல வாய் போதும். நிரூபிக்க ஆதாரம் வேண்டும்.